மேயர் மகளின் எளிய வீடு

எங்கள் ஊர் சான் இலாரியோவில் அந்த வருடம் வெள்ளம் கழுத்தளவு வந்தபோது மேயர் மகள் ஸாரினா சுவிட்சர்லாந்தில் இருந்தாள். அதில் தப்பு ஒன்றுமில்லை. வெள்ளம் வந்தால் உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று நகராட்சியே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தது. அவள் கொஞ்சம் கூடுதல் உயரத்துக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான். பனிமலை உச்சியில் வெள்ளைக் கம்பளிக் கோட்டும் முதலைத்தோல் கைப்பையுமாக நின்று ஒரு படம் எடுத்து, "கடவுள் எனக்கு எல்லாம் கொடுத்திருக்கிறார்" என்று எழுதி முகநூலில் போட்டாள்.

அந்தப் படத்தை நாங்கள் கூரைமேல் உட்கார்ந்து பார்த்தோம். கீழே தண்ணீர். செய்வதற்கு வேறு வேலை இல்லை. கைப்பேசியில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது.

"கொடுத்தது கடவுளா, காண்ட்ராக்டரா?" என்று ஒருவன் எழுதினான்.

"தங்கச்சி, உனக்குக் கழுத்து வரைக்கும் கம்பளி, எனக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி. ரெண்டு பேரும் நல்லா போர்த்திக்கிட்டிருக்கோம்" என்று எழுதினாள் மீன் விற்கிற பெண்.

"அந்தப் பையை நல்லாப் பாருங்கப்பா. நேத்து எங்க தெருவுல நீந்தின முதலை மாதிரியே இருக்கு" என்றான் இன்னொருவன்.

தண்ணீர் வடிவதற்குள் நாடே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. சிரிப்புக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆற்றங்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டி முடித்து, மேயர் எவாரிஸ்தோ திமாசுபில் கையால் திறந்தும் வைத்தாகிவிட்டது. சுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டு நன்றாக, உறுதியாகக் கட்டப்பட்டிருந்தது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன சிலர் அதைக் கட்டிப்பிடித்துத்தான் உயிர் பிழைத்தார்கள்.

நகரசபை அவசரமாகக் கூடியது. சுவரைப் பற்றிப் பேச அல்ல, மேயர் மகளைப் பற்றி மக்கள் எழுதியதைக் கண்டிக்க. மேயர் எழுந்து நின்றார்.

"என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க. என் பொண்ணை ஏன் இழுக்கறீங்க? அவ என்ன அரசியல்வாதியா? மாதா மேல சத்தியமா சொல்றேன், நகராட்சிப் பணத்துல ஒத்தக் காசு நான் அவளுக்குக் கொடுத்ததில்ல. காண்ட்ராக்டர் நேராவே அவ கையில கொடுத்தாரு. நடுவுல என் கை படவே இல்ல!"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

"அந்தப் பை என்ன சும்மாவா வந்துச்சு? கொட்டுற பனியில கடை வாசல்ல வரிசையில நின்னு வாங்கியிருக்கா. உழைப்புன்னா என்னன்னு என் பொண்ணுக்குத் தெரியும்."

ஒரு மூத்த உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பேச்சு முழுவதும் நகராட்சியின் சொந்தப் பக்கத்திலேயே நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது என்பது கூட்டம் முடிந்து மதிய உணவுக்குப் போகும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே நகராட்சியின் சட்ட ஆலோசகர் வக்கீல் ஒனோஃப்ரே ஒரு யோசனை சொன்னார். மறுத்துப் பேசிப் பயனில்லை. மேயர் குடும்பம் எளிமையாக வாழ்கிறது என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் நகராட்சி எளிமை அலுவலகம். குளிரூட்டிய அறைகள், ஒரு புது வண்டி, வண்டிக்கு ஓர் ஓட்டுநர், தலைமைப் பொறுப்பில் ஒனோஃப்ரே. தொடக்க விழாவில், பன்றி வறுவலுக்கு முன்னால் நின்று அவர் பேசினார்: "எளிமைங்கிறது சும்மா வந்துடாது, மக்களே. அதுக்குத் தனியா பட்ஜெட் வேணும்."

மேயரின் சொந்த வீடு குன்றின் மேல் இருந்தது. பளிங்குத் தூண், நீச்சல் குளம், வாசலில் இரண்டு சிங்கங்கள். அதை எந்தப் பக்கமிருந்து படம் எடுத்தாலும் எளிமை தெரியவில்லை. எனவே படம் எடுக்க, கீழே எங்கள் தெருவில் ஒரு வீட்டைத் தேடி வந்தார்கள். என் தையல் கடையைப் பார்த்து, அது அளவுக்கு மீறிய ஏழ்மை, மக்கள் நம்ப மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

பக்கத்து வீடு மிலாக்ரோஸுடையது. வாசலில் கோழிக்கஞ்சி விற்பாள். கணவன் டெல்ஃபின் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். பின்கட்டில் ஒரு பன்றி. குழந்தைகள் இல்லை. வீட்டின் மீது அவளுக்கு உயிர். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு தெருவிலேயே முதலில் கழுவித் துடைத்துக் கோலாகலமாகத் திறக்கிற வீடு அவளுடையதுதான்.

ஒனோஃப்ரே உள்ளே சுற்றிப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏழ்மை பத்தலை."

"என்ன சார் பத்தலை?" என்றாள் மிலாக்ரோஸ், எதையோ கடனாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து.

"தரையில டைல்ஸ் போட்டிருக்கியே?"

"என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டிச் சேர்த்துப் போட்டது சார். சேறு வந்தா கழுவ சுலபமா இருக்கும்னு."

"பேத்து எடுத்துரு. மேயர் பொண்ணு டைல்ஸ் மேல நடக்கறான்னு எழுதிடுவானுங்க. ஜன்னல் திரையும் வேணாம், ரொம்ப சுத்தமா இருக்கு. கூரைத் தகரம் ஏன் இப்படிப் பளபளங்குது?"

"போன புயலுக்கு அப்புறம் புதுசா மாத்தினோம் சார்."

"அப்ப துரு வேணும்."

துரு பிடிக்க நாளாகும் என்பதால் துருப்பூச்சு வேலைக்கு டெண்டர் விட்டார்கள். சுவர் கட்டிய அதே காண்ட்ராக்டருக்குத்தான் கிடைத்தது. முதல் பூச்சு ஒரு தூறலில் கரைந்து ஓடியது. திரும்பவும் பூசினார். சான் இலாரியோவில் அவர் எடுத்த வேலைகளில் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

டைல்ஸைப் பெயர்த்த அன்று மிலாக்ரோஸ் என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு தட்டுச் சத்தத்துக்கும் அவள் தோள் குலுங்கியது.

"திரும்ப ஒட்டித் தருவாங்களா?" என்று கேட்டாள்.

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுக்க ஸாரினா வந்தாள். இருபது வயதுப் பெண். கெட்டவள் என்று சொல்ல முடியாது. கதவை யாராவது திறப்பார்கள் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள்.

"அக்கா, மாடிக்கு எந்தப் பக்கம்?"

"மாடி இல்லம்மா."

"அப்ப எங்க தூங்குவீங்க?"

"இங்கதான்."

"இது வரவேற்பு அறை இல்லையா?"

"இதுதாம்மா வீடு."

அவள் கொஞ்சம் பயந்துவிட்டாள். மிலாக்ரோஸ் மணையை இழுத்துப் போட்டு, கையில் கரண்டியைக் கொடுத்து, அது எந்தப் பக்கம் பானைக்குள் போக வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். படம் எடுத்து முடிந்ததும் ஸாரினா உண்மையாகவே இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். பின்கட்டில் பன்றியைப் பார்த்தாள்.

"இது பேரு என்ன?"

"செனட்டர்."

"ஏன் அந்தப் பேரு?"

"எல்லாத்தையும் தின்னும். இடத்தை விட்டு மட்டும் எழுந்திரிக்காது" என்றான் டெல்ஃபின்.

"இது படத்துல வர வேண்டாம்" என்று ஒனோஃப்ரே இருமினார்.

"இதுதான் என் வீடு. எளிமையே என் செல்வம்" என்று எழுதிப் படங்களைப் போட்டார்கள். பிறகு மீன்காரி எழுதினாள்: "ஏன்டீம்மா, உன் வீட்டுச் சுவத்துல எங்க மிலாவோட கல்யாணப் படம் ஏன் தொங்குது?"

எளிமை அலுவலகம் துருவைக் கவனித்த அளவுக்குச் சுவரைக் கவனிக்கவில்லை. அதற்கப்புறம் நாடு சிரித்த சிரிப்பில் மேயர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். சிலர் மிலாக்ரோஸையும் விடவில்லை. மேயர் வீட்டுக் கைக்கூலி என்று எழுதினார்கள். அவள் அதைப் படித்துவிட்டுக் கஞ்சிக் கடையை இரண்டு நாள் திறக்காமல் இருந்தாள்.

மறுவாரம் மேயரே நேரில் வந்தார். கூடவே ஒனோஃப்ரே.

"பொய்யின்னு சொல்றாங்க மிலா. எனக்குப் பொய் பிடிக்காது, உனக்கே தெரியும்" என்றார் மேயர். "அதனால இதை உண்மையாக்கிடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

மிலாக்ரோஸுக்கு விளங்கவில்லை. ஒனோஃப்ரே விளக்கினார். இந்த வீட்டை மேயர் பெயருக்கு மாற்றி, அவருடைய சொத்து அறிக்கையில் ஒரே வீடு இதுதான் என்று சத்தியம் செய்து எழுதிவிடுவார்கள். குன்றின் மேல் இருக்கிற பெரிய வீடு யார் பெயரிலாவது இருந்தாக வேண்டுமே; அதை மிலாக்ரோஸ் பெயரில் எழுதிவிடுவார்கள்.

"சும்மா பேருக்கு" என்றார் மேயர்.

"பேருக்குன்னா?" என்றான் டெல்ஃபின்.

"பேருக்குன்னா பேருக்குத்தாம்பா. கனவுலகூட அந்தப் பக்கம் வந்துராதீங்க. நீங்க இங்கயே இருங்க, எனக்கு வாடகைக்கு. வாடகையும் நான் வாங்க மாட்டேன்."

"என் வீட்டுக்கு நான் வாடகைக்கா?" என்றாள் மிலாக்ரோஸ்.

ஒனோஃப்ரே டெல்ஃபினைப் பார்த்து அன்பாக விசாரித்தார்: "வண்டி பர்மிட்டு இந்த மாசம் முடியுது இல்ல?"

கணவனும் மனைவியும் இரண்டு பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் வாடகைத் தள்ளுபடி விழா நடந்தது. வீட்டைவிடப் பெரிய பேனரில் மேயர் கைகூப்பிச் சிரித்தார்: 'ஏழைப் பெண்ணுக்குத் தன் ஒரே வீட்டைத் திறந்துவிட்ட வள்ளல்.' பேனர் வாசலை மறைத்ததால் மிலாக்ரோஸ் அதற்குக் கீழே குனிந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது. 'வாடகை தள்ளுபடி' என்று எழுதி மேயர் கொடுத்த பெரிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திடீரென்று அழுதுவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று போட்டு நகராட்சி அந்தப் படத்தை வெளியிட்டது.

இதற்குள் ஊருக்கு ஊர் இப்படி ஒரு ஸாரினா இருப்பதை மக்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருத்தன் தனி விமானத்தில் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடினான். ஒருத்தி தன் குதிரைக்குக் கண்புரை என்று ஜெர்மனிக்குக் கூட்டிப் போனாள். இதை எதிர்த்துத் தலைநகர் மணிலாவில் ஊர்வலங்கள் பெரிதாகின. ஒரு சொத்து விசாரணைக் குழு போட்டார்கள். அந்தக் குழுவிலிருந்து லூர்தெஸ் என்று ஓர் அதிகாரி, ஒல்லியான பெண்மணி, ஒரு குடையும் இரண்டு காவலர்களுமாக எங்கள் தெருவில் வந்து இறங்கினார். மேகம் திரண்டு தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

விசாரணை முடியும் வரை மேயரின் அசையாச் சொத்துகள் அத்தனைக்கும் சீல் வைக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. அறிக்கைப்படி மேயரின் அசையாச் சொத்து ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், இது என் வீடு" என்றாள் மிலாக்ரோஸ், கஞ்சிப் பானையைக் கையில் பிடித்தபடி.

"பத்திரத்துல மேயர் வீடுன்னு இருக்கேம்மா?"

"அது பேருக்கு மேடம்."

"எங்களுக்குப் பேருதாம்மா முக்கியம். அதை வச்சுத்தானே சீல் வைக்கிறோம்."

பானை, பாய், கல்யாணப் படம், பன்றி எல்லாம் தெருவுக்கு வந்தன. காவலர்கள் கதவில் மஞ்சள் நாடா ஒட்டினார்கள். மிலாக்ரோஸ் என் கடை வாசலில் நின்று ஒனோஃப்ரேவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"கவலைப்படாதே மிலா. வழக்கு முடிஞ்சதும் திரும்பி வந்துரும்."

"எப்ப சார் முடியும்?"

"நம்ம நாட்டுல வழக்கு எங்க முடிஞ்சிருக்கு? ஆனா வீடு பத்திரமா இருக்கும். சீல் வச்சிருக்காங்கள்ல."

"நாங்க எங்க சார் போறது?"

அவர் மேயரோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மழை வலுத்தது. தெருமுனையில் ஆறு உள்ளே வர ஆரம்பித்திருந்தது. லூர்தெஸுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சட்டத்தில் இடமில்லாவிட்டாலும் குடையை மிலாக்ரோஸ் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

"ஏம்மா, உங்க பேருல வேற வீடு எதுவும் இல்லையா? இருந்தா சீக்கிரம் போயிருங்க. தண்ணி ஏறுது பாருங்க."

மிலாக்ரோஸ் டெல்ஃபினைப் பார்த்தாள். டெல்ஃபின் தலையை வேகமாக ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். மஞ்சள் நாடாவைப் பார்த்தாள்.

"இருக்கு மேடம்" என்றாள்.

லூர்தெஸின் வண்டி தாழ்வான சாலையில் நின்றுபோயிருந்ததால், காவலர்களை அதனோடு விட்டுவிட்டு அவரும் டெல்ஃபினின் மூன்று சக்கர வண்டியிலேயே ஏறிக்கொண்டார். பன்றிக்கு இடமில்லை. நான் அதை ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். அதனால் நடந்ததை நேரிலேயே பார்க்கக் கிடைத்தது. குன்றின் மேல் வீட்டு வாசலில் காவல்காரன் அதிகாரியின் அடையாள அட்டையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டான்.

மேயர், வீட்டுச் செருப்பும் கட்டம் போட்ட கால்சட்டையுமாகத் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் ஒனோஃப்ரே.

"மிலா! என்ன இங்க?"

"வீட்டுக்கு வந்தேன் ஐயா."

மேயர் சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் குடையை மடக்கிக்கொண்டிருந்த லூர்தெஸைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"மேயர், இந்த வீடு உங்களுதா?" என்றார் லூர்தெஸ்.

"பார்த்துச் சொல்லுங்க" என்று முணுமுணுத்தார் ஒனோஃப்ரே.

"ஆமான்னா அறிக்கையில ஏன் எழுதலை? சத்தியம் பண்ணிப் பொய் சொன்னா அது தனி வழக்கு. இதுக்கும் இப்பவே சீல் வைப்பேன்."

மேயரின் முகம் பல மாதிரி மாறியது. பளிங்குத் தூண்களைப் பார்த்தார். சிங்கங்களைப் பார்த்தார்.

"இல்ல. என்னுது இல்ல."

"அப்ப யாருது?"

மேயர் எங்கள் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்து மிலாக்ரோஸ் பக்கம் நீட்டிக் காட்டினார்.

"இவங்க வீட்டுல நீங்க என்ன பண்றீங்க? அதுவும் வீட்டுச் செருப்போட?"

"விருந்தாளியா வந்தேன்."

லூர்தெஸ் மிலாக்ரோஸிடம் திரும்பினார். "உங்க விருந்தாளியாம்மா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒனோஃப்ரே புருவத்தை உயர்த்தி எதையோ ஞாபகப்படுத்தினார், பர்மிட்டாக இருக்கலாம். அவள் கஞ்சிப் பானையைத் தாழ்வாரத்தில் இறக்கி வைத்தாள்.

"நான் கூப்பிடலை மேடம்" என்றாள்.

மேயர் திமாசுபில் எழுந்து, செருப்பு பளிங்கில் சப்புச் சப்பென்று அடிக்க, தன் சிங்கங்களுக்கு நடுவே நடந்து மழைக்குள் இறங்கிப் போனார். ஒனோஃப்ரே தட்டிலிருந்த மீன் துண்டை எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

மாடிப்படியில் ஸாரினா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். மெதுவாக இறங்கி வந்தாள்.

"அக்கா, நானும் போகணுமா?"

மிலாக்ரோஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இஞ்சி தோல் சீவத் தெரியுமா?"

"தெரியாது."

"வா, சொல்லித் தர்றேன்."

சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்க முழுகிவிட்டது. டெல்ஃபின் இன்ஜினில் தண்ணீர் ஏறும் வரை போய்ப் போய் ஆட்களை ஏற்றி வந்தான். மற்றவர்கள் நடந்தும் நீந்தியும் வந்தார்கள். மிலாக்ரோஸ் வெளிக்கதவை மூடவே விடவில்லை. பளிங்குத் தரையில் பாய்கள், கூண்டுக் கோழிகள், நனைந்த பள்ளிப் புத்தகங்கள். செனட்டர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் படுத்துக்கொண்டது. நிறைமாதப் பெண் ஒருத்திக்கு ஸாரினாவின் அறையைக் கொடுத்தார்கள். மீன்காரி வந்ததும் வராததுமாக, "ஏய் பொண்ணே, அந்த முதலைப் பை எங்கே?" என்று ஸாரினாவை முகத்துக்கு நேராகவே கேட்டாள். ஸாரினா சிவந்துபோய் அதை எடுத்துவந்து நீட்டினாள். மீன்காரி உள்ளே வெளியே தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி புகாது" என்று ஒத்துக்கொண்டு, எல்லாருடைய மாத்திரைகளையும் அதில் போட்டு வைத்தாள். அப்புறம் இருவரும் ஒரே முறத்தில் இஞ்சி சீவினார்கள்.

கஞ்சி கொதிக்கிற நேரத்தில் வாசலில் மேயர் வந்து நின்றார். நகராட்சிக் கட்டடத்திலும் தண்ணீர் புகுந்துவிட்டதாம். செருப்பில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. டெல்ஃபின் அவரை உள்ளே விடாமல் மனைவியைப் பார்த்தான்.

"விடு. வெளியே வெள்ளம்" என்றாள் அவள்.

"மிலா, மாடியில ஏதாவது ரூம்..." என்று ஆரம்பித்தார் மேயர்.

"எல்லாம் கொடுத்தாச்சு ஐயா. ஹால்ல தூணுக்குப் பக்கத்துல ஒரு பாய்க்கு இடம் இருக்கு. பார்த்துப் படுங்க, பக்கத்துல குழந்தைங்க தூங்குது."

அவர் போய் உட்கார்ந்தார். ஸாரினாவே கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். அவர் மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாயில் சம்மணம் போட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குடிக்க ஆரம்பித்தார். பசி. அவரைச் சுற்றிலும் ஊர் ஜனம். தலைக்கு மேலே ஒழுகாத கூரை.

பின்னாலேயே வந்த ஒனோஃப்ரே அந்தக் காட்சியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை உருவினார்.

"ஐயா! அசையாதீங்க! இதைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தோம். கிண்ணத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அந்தக் குழந்தையைப் பக்கத்துல இழுத்துக்குங்க. அழுதா இன்னும் நல்லது."

மேயர் வாயில் கஞ்சியோடு தன்னையறியாமல் சிரித்தார். பல வருடப் பழக்கம்.

மிலாக்ரோஸ் சமையலறையிலிருந்து வந்தாள். ஒனோஃப்ரேவின் கையிலிருந்த கைப்பேசியை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டாள்.

"படம் அப்புறம் பிடிக்கலாம் சார். அடுப்புல பெரிய பானை இருக்கு, மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. துணியால பிடிங்க, சுடும்."

எளிமை அலுவலகத்தின் தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருடைய ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானையைத் தூக்கப் போனார்.